மருமகளின் பாஸ் மருமகள் கையில் இருக்கட்டும்

ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது பத்து காஜாவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். இப்போது இருப்பது லகாட்டில். ஓய்வு பெற்றாலும் தாள் வேலை என்னை விட்டபாடில்லை. மெங்லெம்பு, பூசிங், பாப்பான், புந்தோங் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்கள் கோப்பும் கையுமாக வீட்டுக்கு வருகிறார்கள். பாதிக்கு மேல் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வாழ வந்தவர்கள். திருவாரூர், புதுக்கோட்டை, நாமக்கல் என்று ஊர் வேறாக இருக்கும், கேள்வி ஒன்றாகத்தான் இருக்கும்: "பாஸ் முடியப் போகுதுங்க, என்ன செய்யணும்?"

அவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்த அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் இந்த நாட்டில் வாழும் உரிமை அவள் கணவனின் கையெழுத்தை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் அவன் பொறுப்பேற்கட்டும், அது நியாயம். சில ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தவள், அல்லது பிள்ளை பெற்றவள், இங்கே தங்குவதற்கான தன் பாஸைத் தானே புதுப்பித்துக்கொள்ள வழி வேண்டும். இது அரசாங்கத்திடம் நான் வைக்கும் கோரிக்கை. அவளுடைய கடப்பிதழையும் சான்றிதழ்களையும் அவள் கையிலேயே கொடுத்துவைக்க வேண்டும். இது நம் குடும்பங்களிடம் வைக்கும் கோரிக்கை.

கல்யாணம் வேறு, பதிவு வேறு

முதலில் விதிகளைப் பார்த்துவிடுவோம். தெரியாததால்தான் பாதிக் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து 30 நாள்வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. கல்யாணம் முடித்த கையோடு பெண்ணை அழைத்து வருகிற குடும்பங்களுக்கு இது ஒரு பொய்யான நிம்மதியைத் தருகிறது. "விசாவே வேண்டாமாம், டிக்கெட் போட்டா போதுமாம்" என்று கூட்டி வந்துவிடுகிறார்கள். மறுவீடு, விருந்து, கல்லுமலைக் கோயில் என்று நாள் ஓடிவிடும். முப்பதாம் நாள் நெருங்கும்போதுதான் யாரோ ஒருவருக்குத் தேதி நினைவுக்கு வரும். தேதி தாண்டித் தங்குவது குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி குற்றம். அபராதமே 10,000 வெள்ளிக்குக் குறையாது. ஐந்தாண்டுவரை சிறையும் உண்டு. பாவம் புதுப்பெண், தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

அவளுக்கு வேண்டியது வாழ்க்கைத் துணைக்கான நீண்டகாலச் சமூக வருகை பாஸ். அதற்கு அடிப்படை, மலேசியச் சட்டம் ஏற்கிற திருமணப் பதிவு. முஸ்லிம் அல்லாதாருக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே நாதஸ்வரம் ஊதி, ஐயர் மந்திரம் சொல்லி, ஊரே அட்சதை போட்டாலும், பதிவு நடக்கும்வரை சட்டத்தின் பார்வையில் அவர்கள் கணவன் மனைவி ஆகமாட்டார்கள். முஸ்லிம் தமிழர்களுக்கு மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் சமயத் துறையும் தனி. அவர்கள் அங்கே கேட்டறிய வேண்டும்.

தமிழ்நாட்டில் கல்யாணம் நடந்தால் இரண்டு கரையிலும் வேலை இருக்கிறது. அங்கே 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் முத்திரையும், பிறகு சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஏற்கத்தக்க மொழிபெயர்ப்பும் வேண்டும். மேலே சொன்ன 1976ஆம் ஆண்டு மலேசியச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, வெளிநாட்டில் மணம் புரிந்த மலேசியர் அதை ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்கிறது. அதற்குள் நாடு திரும்பிவிட்டால், திரும்பிய ஆறு மாதத்துக்குள் இங்கே தேசியப் பதிவுத் துறையில் பதிய வேண்டும். "பாப்பம், பாப்பம்" என்று இந்த ஆறு மாதத்தைத் தாண்டவிட்டு என்னிடம் வந்தவர்களை எண்ணி முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே சாப்பாட்டுக் கடையிலோ முடிதிருத்தும் கடையிலோ வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பையனை நம் பெண்ணுக்குப் பிடித்துவிடுகிறது. அந்நியத் தொழிலாளருக்குத் தரும் தற்காலிக வேலை பெர்மிட்டில் இருந்துகொண்டு அவர் இங்கே கல்யாணம் செய்துகொள்ள முடியாது. பெர்மிட்டின் நிபந்தனையே அதுதான். கோயிலில் இரகசியமாகத் தாலி கட்டிவிட்டுப் பிறகு வந்து கேட்டால் என்னால் மட்டுமல்ல, வழக்கறிஞராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மேசை மேல் விரித்த கோப்பு

பாஸுக்குக் கேட்கும் தாள்கள் ஒன்றும் கிடைக்காத பொருள்கள் அல்ல. கணவனின் அடையாள அட்டை, மனைவியின் கடப்பிதழும் அதன் நகல்களும், திருமணச் சான்றிதழ், படங்கள், கணவனின் சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம் அல்லது சேமநிதி அறிக்கை, சொந்தத் தொழில் என்றால் வணிகப் பதிவு, பிறகு வருமான வரி வாரியத்தில் பத்து வெள்ளி முத்திரை குத்திய பிணைப் பத்திரம். கணவன் மனைவி இருவரும் நேரில் போக வேண்டும். பேராக்கில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் மேரு ராயாவில் உள்ள உள்துறை அமைச்சுக் கட்டடம்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில் வருகிறது. போன ஆண்டு திருவாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பி.எட். முடித்தவள், கணித ஆசிரியை. அவள் கோப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்தோம். கடப்பிதழில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் முழுப்பெயர். திருமணச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துத் தலைப்பு மட்டும். பள்ளிச் சான்றிதழில் அதே பெயருக்கு வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல். பிறப்புச் சான்றிதழை எடுத்தால், அதில் குழந்தையின் பெயர்க் கட்டமே காலி. பிறந்த அன்று பதிந்ததோடு சரி, பெயர் வைத்தபின் யாரும் போய்ச் சேர்க்கவில்லை. மலேசியத் தமிழர்களுக்குப் பெரும்பாலும் அடையாள அட்டையில் A/L அல்லது A/P போட்டு அப்பா பெயர் முழுதாக இருக்கும். கவுண்டரில் இருப்பவருக்கு அந்த ஓர் எழுத்துத் தலைப்பு என்னவென்று தெரிய நியாயம் இல்லை. நான்கு தாளிலும் நான்கு பெண்கள் இருப்பதாகத்தான் அவர் கண்ணுக்குப் படும்.

நால்வரும் ஒருத்திதான் என்று சத்தியப் பிரமாணம் தட்டச்சு செய்து, ஆணையர் முன் கையெழுத்திட வைத்தோம். அதற்கும் மேல் ஆதாரம் கேட்டு அவள் அப்பா ஊரில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். இதையெல்லாம் நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் செய்திருக்கலாம். ஆகவே தமிழ்நாட்டில் பெண் எடுக்கிறவர்களுக்கு என் முதல் யோசனை: ஜாதகம் பார்க்கும் அன்றே பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், கடப்பிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே திருத்திவிட்டு வாருங்கள். கடல் தாண்டிய பிறகு ஓர் எழுத்தைத் திருத்த ஓர் ஆண்டு பிடிக்கும்.

பிள்ளை பிறப்பதற்கு முன்

பதிவைத் தள்ளிப்போடுவதால் வரும் பெரிய கேடு பிள்ளைக்குத்தான். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில், முறைப்படி மணம் புரியாதவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்குத் 'தகப்பன்' என்று சட்டம் சொல்லும் இடத்தில் தாயையே கொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதாவது அப்பா மலேசியர், அம்மா இந்தியக் குடிமகள், பிள்ளை பிறந்தது ஈப்போ மருத்துவமனையில் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த நாளில் அவர்கள் திருமணம் சட்டப்படி பதிவாகியிருக்கவில்லை என்றால், பிள்ளை அம்மாவின் வழியைப் பின்பற்றும். பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று அச்சாகி வரும்.

பிறகு பதிந்துகொண்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 மே 28 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பீன்ஸ் நாட்டுத் தாய்க்கும் பிலிப்பீன்ஸில் பிறந்த பையனின் வழக்கு அது. பையன் பிறந்து சில மாதம் கழித்துத்தான் பெற்றோர் மணம் புரிந்தார்கள். பையனுக்குச் சட்டப்படி தானாகக் குடியுரிமை இல்லை என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தகப்பன் இன்னார் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. தாள் பின்னால் வந்தது, அவ்வளவுதான்.

அப்படி நின்றுவிட்ட பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பிக்கலாம். அது உரிமை அல்ல, சலுகை. கிடைக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை பள்ளியில் சேர்ப்பதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் ஒவ்வொன்றும் போராட்டம். பன்னிரண்டு வயதில் கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது, "எனக்கு ஏம்மா இல்லை?" என்று கேட்கும் பிள்ளைக்கு எந்தத் தாயும் பதில் சொல்ல முடியாது. நம் கோயில்களில் முகூர்த்தம் குறித்துக் கொடுப்பவர்கள், மண்டபத்துக்கு முன்பணம் வாங்குகிறவர்கள் எல்லாரும் "பதிவு ஆயிடுச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் இந்தத் துன்பத்தில் பாதி வராது.

கையெழுத்தின் பலம்

இனி என் மனத்தை வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பாஸ் ஒருமுறை வாங்கினால் முடிந்துபோகிற ஒன்றல்ல. அதிகாரியின் தீர்மானப்படி ஓராண்டுக்கோ அதற்கு மேலோ, அதிகமாக ஐந்தாண்டுவரை தருவார்கள். முடியும்போது கணவன் மறுபடி உடன் வர வேண்டும், மறுபடி பிணைக் கையெழுத்திட வேண்டும். நிரந்தர வசிப்பிடத்துக்கு விண்ணப்பிப்பதென்றாலும் பாஸோடு ஐந்தாண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதற்கும் கணவன்தான் பொறுப்பாளர். விண்ணப்பித்த பிறகும் பல ஆண்டு காத்திருப்பு.

நல்ல கணவன் வாய்த்தவளுக்கு இது வெறும் அலைச்சல். மற்றவளுக்கு இது கழுத்தில் போட்ட கயிறு. வீட்டில் சண்டை வந்தால் "பாஸ் புதுப்பிக்க மாட்டேன், ஊருக்கு அனுப்பிடுவேன்" என்பது கையில் தயாராக இருக்கும் ஆயுதம். அடி வாங்கியவள் போலீசில் புகார் கொடுக்க அஞ்சுகிறாள். கொடுத்தால் கையெழுத்து போய்விடும், கையெழுத்து போனால் தான் சட்டவிரோதமாகிவிடுவோம், பிள்ளை இங்கேயே நின்றுவிடும் என்று. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இந்த நாட்டில் வாழும் எந்த மனைவியையும் குடியுரிமை பாராமல் காக்கிறது. சட்டம் கொடுத்த காப்பை, பாஸ் விதி பின்வாசல் வழியாகப் பறித்துக்கொள்கிறது.

வேலை விஷயமும் அப்படித்தான். இந்தப் பாஸில் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று முத்திரை குத்தப்பட்டிருக்கும். வேலை வேண்டுமென்றால் முதலாளி கடிதம் தந்து, குடிநுழைவுத் துறையில் தனியாக அனுமதி கேட்க வேண்டும். லகாட்டிலும் மெங்லெம்புவிலும் உள்ள சிறு கடைக்காரர் எவரும் அத்தனை தூரம் போய் ஆள் சேர்க்கமாட்டார். மேலே சொன்ன கணித ஆசிரியை இன்று வீட்டில் முறுக்கு சுடுகிறாள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? கையில் காசில்லாதவள் எதற்கும் கணவனைத்தான் கேட்க வேண்டும், மேரு ராயாவுக்குப் போகும் கிராப் கட்டணம் உட்பட.

கணவன் இறந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். பாஸ் அவன் பெயரோடு கட்டியது. கருமாதி முடிவதற்குள் அவள் கடப்பிதழில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலேசியக் குடிமக்களான பிள்ளைகளை வைத்திருக்கும் விதவைகளுக்கும் மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் தனி வழிகள் இருக்கின்றன. ரெசிடென்ஸ் பாஸ் என்று ஒன்று உண்டு. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவளுக்கும் அதற்கான தாள்கள் மாமியார் வீட்டில் இருக்கும்.

இந்த இடத்தில்தான் நம் வீட்டுப் பழக்கத்தைக் கேள்வி கேட்கிறேன். என் வீட்டுக்கு வருகிற பெண்களிடம் "உன் கடப்பிதழ் எங்கே?" என்று கேட்டால், "அத்தைகிட்ட இருக்குங்க", "அவரு லாச்சியில வச்சிருக்காரு" என்றுதான் பதில் வரும். ஒரு மாமியார் என்னிடமே சொன்னார்: "தொலச்சிருவான்னு பீரோவுல பூட்டி வச்சிருக்கேன் அக்கா. சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்?" அந்தச் சின்னப் பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர் கெட்ட எண்ணத்தில் பூட்டவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றே எடுத்து அவள் கையில் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார். ஒருவருடைய கடப்பிதழை இன்னொருவர் பூட்டிவைப்பது, அன்பினால் ஆனாலும், அவளைக் கைக்குழந்தையாக்குவதுதான்.

நம் சனத்துக்குப் புதிதல்ல

தாளால் குடும்பம் பிரிந்த கதை நம் தோட்டத்து மக்களுக்குத் தெரியாததல்ல. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பெர்மிட் கிடைக்காமலும் கிடைக்காது என்ற அச்சத்திலும் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். குடியுரிமைக்கு மனுப் போட வேண்டிய காலத்தில், "நாம இங்கதானே பொறந்தோம், யாரு கேக்கப் போறா" என்று இருந்துவிட்டவர்கள் அவர்களில் பலர்.

என் தாய்மாமா ஒருவர். நாற்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவிய குடும்பம். மாமாவுக்குச் சிவப்பு அட்டை, அத்தைக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார் மாமா. ஆறு மாதத்தில் வழி பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையும் பிள்ளைகளும் லயத்திலேயே நின்றார்கள். கடிதம் வந்துகொண்டிருந்தது, மாமா வரவில்லை. நான் சிறுமி. அத்தை ஒவ்வொரு கடிதத்தையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்; அப்போதுதான் தாளின் முக்கியம் எனக்குப் புரியத் தொடங்கியது. அந்த வேதனையைப் பட்ட சமூகம், இன்று தன் வீட்டு மருமகளின் தாளை அலட்சியமாகப் பார்ப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அரசாங்கத்தின் ஐயம் நியாயமானது, தீர்வு இருக்கிறது

போலிக் கல்யாணங்கள் உண்டு என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மை. வேலை செய்வதற்காகவே பெயருக்கு மணம் புரிகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முதல் ஆண்டுகளில் கடுமையாகச் சோதிக்கட்டும், இருவரையும் தனித்தனியே விசாரிக்கட்டும், வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். ஐந்தாண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறவளைப் போலி மனைவி என்று ஐயப்பட யாருக்கும் காரணம் இல்லை. அதன் பிறகும் கணவனின் கையெழுத்தைக் கேட்பது போலியைப் பிடிக்கப் பயன்படாது. கொடுமைக்காரனுக்குத்தான் பயன்படும்.

மற்ற நாடுகள் வழி கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டின் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம், கொடுமைக்கு ஆளான மனைவி கணவனின் கையெழுத்து இல்லாமல் தானே குடியேற்ற மனுப் போட இடம் கொடுத்தது. பிரிட்டன் வாழ்க்கைத் துணை விசாவில் மிகக் கண்டிப்பான நாடு. 2024 ஏப்ரலில் குடும்ப வருமான வரம்பை ஆண்டுக்கு 18,600 பவுனிலிருந்து 29,000 பவுனாக உயர்த்தியது. அப்படிப்பட்ட நாடுகூட, வன்முறையால் வீட்டை விட்டு வெளியேறிய மனைவிக்கு உதவித்தொகையும், அவள் பெயரிலேயே நிரந்தர வசிப்பிடம் கேட்கும் வழியும் வைத்திருக்கிறது. வாசலில் கண்டிப்பு காட்டுவதும், உள்ளே வந்தவளைக் கைவிடாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

நம் நாடாளுமன்றத்தின் மக்களவை 2024 அக்டோபர் 17 அன்று குடியுரிமைத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கும் தகப்பனுக்குச் சமமான உரிமை தருகிறது அந்தத் திருத்தம். பல ஆண்டு போராடிய தாய்மாரின் வெற்றி அது; மனம் நிறைந்து வரவேற்கிறேன். அதே திருத்தத்தில் கவலைப்படவும் ஒன்று இருக்கிறது. மலேசியரை மணந்து குடியுரிமை பெற்ற பெண்ணின் திருமணம், குடியுரிமை கிடைத்த இரண்டு ஆண்டுக்குள் முறிந்தால் அரசாங்கம் அவள் குடியுரிமையைப் பறிக்கலாம். திருத்தத்துக்கு முந்தைய விதியில் அந்த இரண்டு ஆண்டு திருமண நாளிலிருந்து எண்ணப்பட்டது. இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாடுகள். இந்தியக் கடப்பிதழை ஒப்படைத்துவிட்டு வந்தவள் நாடற்றவளாக நிற்கும் அபாயம் இதில் இருக்கிறது. அந்த அச்சத்தில் அடியைத் தாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு ஆண்டு அவனோடு வாழ்வாள்.

வெளிநாட்டுக் கணவனின் நிலை வேறு வகையில் கடினம். மலேசியரின் மனைவி அரசியலமைப்பின் 15ஆவது பிரிவின்கீழ் குடியுரிமை கேட்கலாம். மலேசியப் பெண்ணின் கணவனுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆண்டு இங்கே வாழ்ந்த கணக்குக் காட்டி இயல்புரிமை கேட்பதே அவருக்குள்ள வழி. நம் பெண்கள் தமிழ்நாட்டு, இலங்கை மாப்பிள்ளைகளை மணக்கிறார்கள். மகன் கொண்டுவந்த மருமகளுக்கு ஒரு சட்டம், மகள் கொண்டுவந்த மருமகனுக்கு ஒரு சட்டம் என்பது எந்த வீட்டிலும் நியாயமாகாது.

செய்ய வேண்டியவை

உள்துறை அமைச்சிடமும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் நான் கேட்பவை இவை. ஐந்தாண்டு பாஸோடு வாழ்ந்தவள், அல்லது மலேசியக் குடிமகனான பிள்ளையின் தாய், தானே கையெழுத்திட்டுப் பாஸைப் புதுப்பிக்கலாம் என்று விதி வரட்டும். பாஸ் கிடைத்த அன்றே வேலை செய்யும் அனுமதியும் சேர்ந்து வரட்டும். வன்முறைப் புகார் கொடுத்தவளின் பாஸ், வழக்கு முடியும்வரை தானாக நீளட்டும். கணவன் இறந்தால் ஓராண்டுக்குக் குறையாத அவகாசம் கிடைக்கட்டும். எதற்கும் பெரிய பணம் வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றமும் வேண்டாம், துறையின் நடைமுறை மாறினால் போதும்.

அடி வாங்கிக்கொண்டிருக்கும் சகோதரிக்கு: பாஸ் போய்விடும் என்று அஞ்சி மௌனமாக இருக்காதீர்கள். தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசியின் எண் 15999, இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். ஈப்போவில் பேராக் பெண்களுக்கான பெண்கள் சங்கம் இருக்கிறது. போலீஸ் புகாரின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். நாளைக்குக் குடிநுழைவுத் துறையில் உங்கள் பக்கம் பேசும் தாள் அதுதான்.

குடும்பங்களுக்கு: கல்யாணத்தைப் பதியுங்கள், பிள்ளை பிறக்குமுன் பதியுங்கள். பாஸ் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னரே வேலையைத் தொடங்குங்கள். எல்லாத் தாளுக்கும் இரண்டு நகல் எடுத்து, மூலத்தை யாருடையதோ அவரிடமே கொடுங்கள். மருமகளை மலாய் வகுப்புக்கு அனுப்புங்கள்; கவுண்டரில் அவளே பேசட்டும்.

கணவன்மாருக்கு ஒன்றே ஒன்று. மனைவியின் பாஸ் காலாவதியாகும்வரை கையெழுத்திடாமல் இழுத்தடிப்பது எனக்குத் தெரிந்து இன்று எந்தச் சட்டத்திலும் தனிக் குற்றமில்லை. நம் சமூகம் அதைக் குற்றமாகவே கருத வேண்டும்.